தேடாத எடமில்ல

நைனாவுக்கு,

நீ எப்டி இருக்கறேன்னு கேக்க இத எழுதல.

செல்போன நோண்டிக்கினு பொழுத ஓட்டறன்னு திட்டுவியே, அது ஆன்லைன் படிப்பு. ஆள் கடத்தல எப்டி விசாரிக்கறதுன்னு சொல்லித் தர்றாங்க. பொண்ணு காணாமப் போனா 'ஓடிட்டா'ன்னு சொல்லிட்டு, மானம் போயிடும்னு ஊட்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்க மாட்டாங்க, தரகன் அத நம்பித்தான் தொழிலே பண்றான்னு கிளாஸ் எடுக்கற மேடம் சொன்னாங்க. நம்ம ஊட்டயே பாத்துட்டு வந்து சொன்ன மாதிரி இருந்திச்சி.

திருச்சானூர்ல கடை வேலைன்னு ஒருத்தன் ரூபா அக்காவ கூட்டிக்கினு போனான். மூணாம் நாளே அவ போன் ஆஃப். நீ ஸ்டேஷனுக்குப் போகல. அவ செத்துட்டான்னு தலை முழுகிட்டு, துணியெல்லாம் கொளுத்தின.

சித்தூர்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்தது நான்தான். ரெண்டு வருசம் கழிச்சி. போன வாரம் புனேவுல மீட்டாங்க. இப்ப திருப்பதி ஹோம்ல இருக்கறா. அவ பட்டத நான் எழுத மாட்டேன். நீயும் அவளக் கேக்காத.

என்கிட்ட ஒண்ணுதான் கேட்டா. "நைனா என்னத் தேடிச்சா?"

தேடாத எடமில்லன்னு சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கெழம ஹோமுக்கு வா. அந்தப் பொய்ய அவ மூஞ்சப் பாத்து நீயும் ஒருவாட்டி சொல்லு.

உனக்கு மிச்சமிருக்கற பொண்ணு