ஆளி வண்டியில் தேவியாரை ஏற்றாதீர்

ஏழ்வரை நாடு ஆளும் மாமன்னர் நெடுங்கிளர் வேளின் குடைநிழலில் ஊரும் உயிரும் குளிர்ந்திருக்க. ஆலங்கோட்டையின் கதவும் காவலும் தளராது நிற்க. அக்கோட்டையின் தலைவர், மன்னரின் வலக்கை எனப் பெயர்பெற்ற அத்திகோனார் திருமுன், கூகைக் கணவாயின் வழிக்கண்காணி மருதங்கீரன் வணங்கி விடுக்கும் ஓலை. தாங்களும், தங்கள் காவலில் இருக்கும் பெருந்தேவியாரும், நாற்பது நாள் இளவரசரும் நலமாயிருக்க வேண்டும். இந்த வரியை வழக்கத்துக்காக எழுதவில்லை. அஞ்சியே எழுதுகிறேன்.

தங்கள் கோட்டை இருக்கும் அடிவாரத்தில் காய்ச்சல் பரவுவதால் தேவியாரையும் குழந்தையையும் மழைக்கு முன் மலைமேல் தலைநகருக்குக் கொண்டுவர வேண்டும், பாதையில்லாப் பாதையில் ஓடத்தக்க வண்டியைத் தேர்ந்து அனுப்புக என்று மன்னர் தம் இலச்சினையை என்னிடம் தந்தார். இங்கே இரண்டு தச்சர்கள், மைத்துனர்கள், ஆளுக்கொரு வண்டி செய்திருந்தார்கள். சாத்தனாரின் வண்டிக்கு ஆளி என்று பெயர்: ஆறு காளை, ஆள் உயரத்தில் நான்கு சக்கரம், இடுப்பளவு ஓடையிலும் தட்டு நனையாது. பிட்டனாரின் வண்டிக்கு வரையாடு என்று பெயர்: இரண்டு காளை, முழங்கால் உயரத் தட்டு, ஓடை வந்தால் உட்கார்ந்தவர் கால் நனையும்.

“என்ன மச்சான், கோழிக்கூடைக்குச் சக்கரம் மாட்டிக் கொண்டாந்திருக்க?” என்று சாத்தனார் கேட்டார்.

“உன் வண்டியில ஏற ஏணி வேணும், மச்சான். எறங்கணும்னா எவனாவது தள்ளிவிடணும்” என்றார் பிட்டனார்.

நான் சிரித்தேன். பதினொரு மாதமாக என் ஊரைப் பிரிந்து இருக்கும் எனக்கு அந்தச் சண்டை இனித்தது. சோதனைக்கு இரண்டு வண்டியிலும் ஆறு ஆள் எடைக்கு மணல்மூட்டை ஏற்றிக் கணவாயின் மூன்று வளைவும் ஓட்டச் செய்தேன். ஆளி ஓடையைத் தாண்டி, கல்லில் ஏறி, ஒரு மூட்டைகூட நகராமல் வந்து நின்றது. வரையாடு இரண்டு மூட்டையை நனைத்துக்கொண்டு பின்னால் வந்தது. ஆளியே சிறந்தது என்று எழுதி, இலச்சினை இட்டு, அந்த ஓலையோடு வண்டியையும் ஐந்து நாள் முன் தங்களிடம் அனுப்பிவிட்டேன்.

வென்ற தச்சன் தன் வீட்டாரை ஏற்றி மூன்று வளைவும் சுற்றி வருவது கணவாய் வழக்கம். சாத்தனார் தம்மிடமிருந்த இரண்டாம் ஆளியில் மனைவி நக்கையையும் உறவினர் ஐவரையும் ஏற்றி இன்று காலை புறப்பட்டார். மூன்றாம் வளைவில் கீழே பள்ளம் தெரிந்தது. ஆறு பேரும் ஒரே நொடியில் பாறைப் பக்கம் ஒதுங்கினார்கள். உயரமான தட்டு சாய்ந்து பாறையில் இடித்து, இடித்த வேகத்தில் எதிர்ப்பக்கம் எகிறியது. மற்றவர்கள் குதித்துத் தப்பினார்கள். நக்கை விழுந்து, சக்கரம் ஏறிக் கால் முறிந்து பாதையில் கிடந்தாள். ஆறு காளையும் வண்டியோடு போயின. விழுந்த ஓசை நெடுநேரம் கழித்தே எங்களுக்கு எட்டியது.

மணலுக்குப் பயமில்லை, தலைவரே. மூட்டை பள்ளத்தைப் பார்த்து ஒதுங்காது. இது எனக்குத் தோன்றவே இல்லை.

சாத்தனார் அழவில்லை. என் தோளைப் பிடித்து, “கண்காணியாரே, மொத வண்டி எங்க இருக்கு? சொல்லுங்க, எங்க?” என்று மட்டும் கேட்டார். பிட்டனார் ஒரு சொல்லும் குத்திப் பேசாமல், “அக்கா, என் கழுத்தப் புடிச்சுக்க” என்று நக்கையைத் தூக்கி வரையாட்டில் கிடத்தினார். அவள் அலறி முண்டியும், உடன் ஏறிய இருவர் பயந்து ஒதுங்கியும், அந்தத் தாழ்ந்த வண்டி அதே வளைவைச் சாயாமல் கடந்தது. கால் நனைந்தது, அவ்வளவுதான்.

தேவியார் புறப்பட இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இந்த ஓலைக்காரன் ஓடினால் இரண்டு நாளில் வருவான். காய்ச்சலுக்கு அஞ்சி அவர்கள் முன்னதாகவே கிளம்பியிருக்கவும் கூடும்.

ஆகவே மன்னரின் இலச்சினையால் ஏவுவது: இவ்வோலை கண்ட கணமே ஆளியின் நான்கு கடையாணிகளையும் பிடுங்கித் தங்கள் கையில் வைத்துக்கொள்க. தேவியாரே ஆணையிட்டாலும் தராதீர்; சினம் வந்தால் என் பெயரைச் சொல்க. முன்பே புறப்பட்டிருந்தால் குதிரைவீரரை அனுப்பி, எந்த இடமாயினும் இறக்கி, நடத்தியே கோட்டைக்குத் திருப்புக. நாளைக் காலை பிட்டனாரோடு வரையாட்டில் ஏறி, தேவியாரை அதில் அழைத்துவர நானே இறங்கி வருகிறேன். நான்காம் நாள் தங்கள் வாசலில் நிற்பேன்.

முன் வந்த ஓலையும் என் கையெழுத்தே, அதிலும் இதே இலச்சினைதான். இரண்டில் எதற்குப் பணிவது என்று தயங்கினால், பயந்தவன் எழுதியதற்குப் பணிக.

இலச்சினை இட்டேன்.