ஐம்பது கேபிக்குள் அப்பா

எப்போதும் படம் எடுக்கிறவராகவே நின்ற என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இருபது நாள் ஆகிறது. சாலைக் கடைத்தெருவில் அரிசிக் கடை வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லி, நான் வேலை பார்க்கிற ஸ்டுடியோவிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. நம்பினால்தானே அழ முடியும்? நான் நம்பியது மறுநாள், கம்ப்யூட்டர் முன்னால். அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்றாள் அம்மா. "வாசல்ல நின்னு பாத்தாலும் அவுக முகம் தெரியணும்ட்டீ." தேடினோம். என் போனில் நானும் அம்மாவும்தான் இருக்கிறோம், எல்லாம் நீங்கள் எடுத்தவை. சித்தப்பா கல்யாணப் படத்தில் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் உங்கள் பாதி நெற்றி. வாக்காளர் அட்டையில் இருப்பவரைப் பார்த்து அம்மாவே இது யார் என்றாள். அப்போதுதான் நினைவு வந்தது. மூன்று மாதம் முன்பு, உங்கள் சுமைத் தொழிலாளர் அட்டையைப் புதுப்பிக்க, நானே ஸ்டுடியோவில் வைத்து உங்களைப் படம் எடுத்திருக்கிறேன். நல்ல கேமரா, நல்ல வெளிச்சம். ஓடினேன்.

திரையில் சின்னதாகத் திறந்தபோது நீங்கள் முழுசாக இருந்தீர்கள். சட்டம் போடுகிற அளவுக்குப் பெரிதாக்கினேன். உங்கள் கண் நான்கைந்து சதுரமாகப் பிரிந்தது. மீசை படிக்கட்டு மாதிரி ஆனது. இன்னும் பெரிதாக்கினேன். அங்கே நீங்கள் இல்லவே இல்லை, அப்பா. பழுப்புக் கட்டங்கள்தான் இருந்தன. மவுசிலிருந்து கையை எடுக்கத் தோன்றவில்லை எனக்கு.

ஸ்டுடியோ முதலாளி ஷீலா சேச்சி பின்னால் வந்து நின்று பார்த்தார். "மோளே, இது ஏற்றவும் செறிய சைஸில் எடுத்ததல்லே? இனி ஒன்னும் செய்யான் பற்றில்லா." இருப்பதிலேயே சின்ன அளவில் எடுத்தது, இனி ஒன்றும் செய்ய முடியாது. மெதுவாகத்தான் சொன்னார்.

அந்த அளவை யார் வைத்தது? நான்தான்.

கேமராவில் எல், எம், எஸ் என்று அளவு இருக்கும். எஸ்ஸிலேயே மூன்று உண்டு, கடைசி இருப்பதிலேயே சின்னது. படத்தின் தரத்துக்கு இரண்டு அடையாளம். வழவழப்பான வளைவு என்றால் நல்லது, படிக்கட்டு போட்டிருந்தால் மட்டம். அது போக ரா என்று ஒன்று, கேமரா பார்த்ததை எல்லாம் சுருக்காமல் வைத்துக்கொள்ளும். சேச்சி எல் அளவையும் ராவையும் சேர்த்துத்தான் வைத்திருந்தார். பள்ளி அட்மிஷன் நாட்களில் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், கேமராவின் மெமரி கார்டு நிறைந்து நிறைந்து போனது. கொஞ்சம் நில்லுங்கள், கார்டு மாற்ற வேண்டும் என்று அத்தனை பேரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்படியும் ஆன்லைன் விண்ணப்பத்தில் ஐம்பது கேபிக்கு மேல் படம் ஏறாது. ராவை அணைத்தேன். கடைசி எஸ், படிக்கட்டு. அதற்குப் பிறகு கார்டு நிறையவே இல்லை. யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை.

உங்களிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன், நினைவிருக்கிறதா? ஸ்டூலில் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தீர்கள். எவ்வளவு சின்னதாக எடுத்தால் போதும் என்று விளக்கினேன்.

"அம்பது கிலோ மூடைய ஒத்தைக்குத் தூக்குதவன் நான். எம் மூஞ்சி வெறும் அம்பது கேபிதானாட்டீ?"

"அதுக்கு மேல போனா எடுக்காதுப்பா."

"சரி தாயி. பத்தோட பள்ளிக்கூடத்த விட்டாலும் நீ படிச்ச பிள்ளை."

சிரிப்பை அடக்கிக்கொண்டு நேராகப் பார்த்தீர்கள். அந்த நொடியில்தான் அழுத்தினேன். நீங்கள் நம்பியது என்னைத்தானே அப்பா? ஒரு விரல் தட்டினால் எல்லுக்கு மாறியிருக்கும். இரண்டு நொடி வேலை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காலையில், "கலங்காம எம்புட்டுத்தான் வரும்?" என்று மட்டும் கேட்டாள்.

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. அவ்வளவுதான் வந்தது. சேச்சி பெரிய சட்டத்தில் வெள்ளை அட்டை வைத்து, நடுவில் அதை ஒட்டிக் கொடுத்தார். பதினாறாம் நாள், பூமாலை உங்களை மறைத்துவிடும் என்று அம்மா அதைச் சட்டத்தின் கீழே தரையில் வைத்தாள். வாசலில் நின்றவர்களுக்கு வெள்ளைதான் தெரிந்தது. உங்களோடு மூட்டை தூக்கியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, குனிந்து, கிட்டே முகத்தை வைத்துப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்குகிற உங்கள் முகத்தைப் பார்த்ததும் முருகன் மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தன வருசம் எங்கூட முதுகு வளைச்சான். இப்ப நம்மள வளைக்கான் பாரு" என்று சொல்லிக்கொண்டே அழுதார். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.

நேற்று வேலைக்குப் போனேன். முதல் வேலையாக எல், வழவழப்பான வளைவு, ரா. மதியத்துக்குள் கார்டு நிறைந்தது. ஸ்டூலில் ஒருவர், வெளியே மூன்று பேர். கொஞ்சம் நிற்கச் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். நின்றார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. இவ்வளவுதானா அப்பா? இந்த ஒரு வார்த்தைக்கா நான் பயந்தேன்?

நாளைக்கு அம்மாவை ஸ்டூலில் உட்கார வைக்கப் போகிறேன். எதற்கு என்பாள். எதற்கும் இல்லை என்பேன். அவளை மட்டுமில்லை, அந்த ஸ்டூலில் யார் உட்கார்ந்தாலும் முழு அளவில்தான் எடுப்பேன். கார்டு நிறைந்தால் வாய் திறந்து நிற்கச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்களை ஒரே ஒரு தடவை படம் எடுத்த
உங்கள் மகள்
இசக்கி