அவசரப்பட்டு அடைத்த பீர்

அன்புள்ள ஆர்லீனுக்கு,

நீ நலம்தானே? உன் அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? இங்கே அலாஸ்கா முகாமில் இன்னும் பனி விடவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், பயப்படாதே. நீ வீட்டில் போடுவதுபோல நானும் அறைத்தோழன் வெர்னும் ஒரு வாளி பீர் போட்டோம். நுரைப்பது முழுக்க அடங்கும்வரை பாட்டிலில் அடைக்காதே என்று நீ எழுதியிருந்தாய். வெர்னும், "இன்னும் குமிழி வருதுடா, பொறு" என்றான். நான்தான் கேட்காமல் அடைத்தேன். பாட்டிலில் போட்ட சர்க்கரையும் கூடிவிட்டது. சனிக்கிழமை ஒரு பாட்டில் வெடித்து, கண்ணாடிச் சில்லு வெர்னின் புருவத்தைக் கிழித்தது. தையல் போட்டார்கள். கண்ணுக்கு ஒன்றுமில்லை.

"உன்கூட இருந்தா என் கண்ணு தப்பாதுடா லீலண்ட்" என்று சிரித்தபடியே வேறு அறைக்குப் போய்விட்டான். இப்போது சாப்பாட்டுக் கூடத்திலும் தள்ளித்தான் உட்காருகிறான்.

மீதிப் பாட்டில்களை இன்னும் தொடவில்லை. குளிரவைத்து, துண்டு போர்த்தி மூடியைத் திறந்து வாயுவை விடலாமா? ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு சர்க்கரை? விவரமாக எழுது. கம்பளிக் காலுறையும் அனுப்பு.

உன் கடிதங்களை முன்பெல்லாம் அவனுக்கும் வாசித்துக் காட்டுவேன். அடுத்ததில் அவனுக்கென்று இரண்டு வரி எழுது. அதைக் கொடுக்கும் சாக்கிலாவது அவன் கதவைத் தட்டுவேன்.

தபால் வண்டி கிளம்புகிறது.

உன்
லீலண்ட்