மெஷின் எந்தச் சுருதி?

12-3-1995, ஞாயிறு இரவு

சிங்காநல்லூர் பாட்டுப் போட்டியில் எனக்குப் பரிசு இல்லை. ஆறு மாதம் பழகிய பாட்டு. சுருதிப்பெட்டி ஓரிடத்தில் நிற்க, நான் அதைவிட மேலே போய்விட்டேனாம். எனக்குத் தெரியவே இல்லை.

முடிந்ததும், நடுவராக வந்திருந்த தாராபுரத்துப் பாட்டு டீச்சர் கூப்பிட்டார்.

"ஏனுங்க, ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துக்குத்தான் ஏறிப் போறீங்க. எங்க பாடிப் பழகுனீங்க?"

"மில்லுலீங்க. ஸ்பின்னிங் மெஷின் ஓடறப்ப அதுகூடவே பாடுவனுங்க."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப உங்களுக்கு அந்த மெஷின்தானுங்க சுருதி. அது எந்தச் சுருதின்னு பார்த்துச் சொல்றீங்களா?" என்று தன் பெட்டியையே கொடுத்தனுப்பிவிட்டார்.

அதோடு பரிசு மறந்துபோனது. பதினோரு வருடம் அந்த மெஷினோடு நிற்கிறேன். இப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை.

ஆனால் அந்த இரைச்சலில் பெட்டிச் சத்தம் காதில் விழாது. நாளை மெஷின் பக்கத்தில் நின்று அதன் சுருதியைத் தொண்டையில் பிடித்துக்கொண்டு, வாயை மூடி முனகியபடியே சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடிவந்து, பெட்டியோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். வழியில் சூப்பர்வைசர் எங்கே போகிறாய் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடாது. வாயைத் திறந்தால் சுருதி போய்விடும்.