விமானத்துக்குப் பிளனல்

1956 ஆகஸ்ட் 9, வியாழன்

இன்று அம்மன் என் பக்கம் நின்றாள்.

தோட்டத்துத் துரையின் சின்ன விமானம் சீகிரியாவில் கொட்டகைக்குள் நிற்கிறது. அதற்குத் தூசி உறை தைக்கும் வேலையை, துரைக்குக் கார் ஓட்டும் என் வீட்டுக்காரர் எனக்கு வாங்கித் தந்தார். முன்கண்ணாடியில் கீறல் விழுந்தால் இவர் வேலை போய்விடும். அப்படியும் தார்ப்பாய் மாதிரி முரட்டுப் படங்குத் துணிதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார்.

"மழைக்குத் தாங்க வேணாமா? ஒனக்கு என்ன தெரியும்?"

"கொட்டகைக்குள்ள ஏதுங்க மழை? பிளனல்தான் மெத்துனு இருக்கும்."

அந்தக் கண்ணாடி பிளாஸ்டிக்கால் ஆனது என்று இவரே முன்பு சொல்லியிருக்கிறார். அதனால் நேற்று இவருடைய புதுச் சவர்க்காரப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியை எடுத்து, ஒரு பாதியைப் படங்காலும் மறுபாதியைப் பிளனலாலும் நூறு தடவை தேய்த்தேன். படங்கு பட்ட பாதி முழுக்கப் பூனை பிறாண்டியதுபோல் கீறல்.

இன்று காலையில் அதைத் துரையிடமே நீட்டினேன். இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. துரை அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டிரைவர், ஒன் சம்சாரம் சொல்ற துணி வாங்கு."

மாத்தளைத் துணிக்கடையில், கைக்குழந்தைக்குச் சுற்றும் பிளனலை இவரே வாய் திறந்து கேட்டார். கடை முதலாளி சிரித்தார்.

"எத்தன மாசப் புள்ளைக்கு?"

"றெக்க மொளைச்ச புள்ளைங்க, மொதலாளி" என்றார் இவர்.

நாளை வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் துணியில் கத்தரி வைப்பேன்.