சீலையின் மூலையில் உங்கள் பெயர்

என் அன்பு மரிசெல் அக்கா,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். இதை வாசிக்க வேண்டியவர்கள் எங்கள் ஆட்கள்.

ஆவணியில் அந்த லொறி வலப்பக்கம் திரும்பியபோது நீங்கள் சைக்கிளில் வேலைக்கு வந்துகொண்டிருந்தீர்கள். டென்மார்க்கின் இந்த ஓகூஸ் நகரில் நாம் இருவரும் துப்புரவு செய்த அலுவலக வாசலில் நான் உங்களுக்காகக் காத்து நின்றேன். உங்கள் சாவுக்குப் பத்திரிகை 'சைக்கிளில் வந்த பெண்' என்று இரண்டு வரி போட்டது. அங்கேயும் உங்களுக்குப் பெயரில்லை.

ஆனால் முதலில் அதை அழித்தது நாங்கள்.

வைகாசியில் ஈழத்தில் போர் முடிந்தது என்கிறார்கள். கொன்று முடித்தார்கள். அஞ்சலிக் கூட்டத்துக்கு, மேடைக்குப் பின்னால் கட்டப் படம் தீட்டிய சீலை வேண்டும் என்றார் சித்தப்பா. நான்தான் உங்களைக் கூட்டிப்போனேன். பிலிப்பைன்ஸில் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்னி வண்டிகளுக்குப் படம் தீட்டியவர் நீங்கள். குதிரை, மாதா, பூ, வண்டிக்காரரின் பிள்ளைகளின் பெயர்கள். தெருவில் ஓடும் வண்டியையே ஓவியமாக்கிய சனம் உங்களுடையது. எங்கள் ஆட்களுக்கு நீங்கள் வீட்டுவேலைக்கு வந்த சனம், அவ்வளவுதான்.

சித்தப்பா ஒரு விளக்கும் தாமரையும் போதும் என்றார். நீங்கள் என்னிடம், "செத்தவர்களின் முகங்களைக் காட்டு" என்றீர்கள். இணையத்தில் வந்த படங்களைக் காட்டினேன். எங்கள் கட்டடத்தில் உடுப்புக் காயப்போடும் நிலவறையில், வேலை முடிந்த எட்டுப் பிற்பகல்கள் தீட்டினீர்கள். கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் பெண்கள். ஒருத்தியின் கையில் மூடியில்லாத சட்டி. அம்மா பார்த்துவிட்டு, "இது எங்கட சனந்தான்" என்று அங்கேயே குந்திவிட்டார்.

மூலையில் உங்கள் பெயரைச் சின்னதாக எழுதினீர்கள். கூட்டத்தன்று காலை சித்தப்பா அதன்மேல் கறுப்புப் பெயின்ற் அடித்தார்.

"எங்கட செத்தவீட்டிலை ஒரு கிளீனிங்காரியின்ர பேர் ஏன்?"

"நீங்களும் நிலம்தானே துடைக்கிறீங்கள், சித்தப்பா?"

"வாயை மூடு. அது வேறை."

எது வேறு? நான் கேட்கவில்லை. வாயை மூடினேன்.

நன்றியுரையில் மண்டபம், ஒலிபெருக்கி, ரோல்ஸ், தேநீர் தந்தவர்கள் எல்லோருடைய பெயரும் வந்தது. என் பக்கத்தில் இருந்த நீங்கள், "இப்போது யாருக்கு நன்றி சொல்கிறார்கள்?" என்று டேனிஷில் கேட்டீர்கள்.

"உங்களுக்கு" என்றேன்.

நீங்கள் எழுந்து நின்றீர்கள். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தீர்கள். பின்னாலிருந்து ஒருவர், "ஆரப்பா இது? இருக்கச் சொல்லுங்கோ, மறைக்குது" என்றார். அதையும் நன்றி என்று நினைத்து அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

ஆவணி வரை எனக்கு நேரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் நிலம் துடைத்தோம். ஏன் சொல்லவில்லை?

இப்போது கார்த்திகை மாத அஞ்சலிக் கூட்டத்துக்கு அதே சீலையைக் கேட்டுச் சித்தப்பா போன் எடுத்தார். கறுப்பைச் சுரண்டிப் பார்த்தேன். உங்கள் எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்தது. அதனால் கறுப்பின் மேலேயே வெள்ளையில் உங்கள் முழுப்பெயரை எழுதிவிட்டேன். என் எழுத்து கோணல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பேரோடதான் சீலை வரும்" என்றேன்.

"நீ ஆரடி சட்டம் போட?"

"அவவின்ர தங்கச்சி."

போனை வைத்துவிட்டார். பிறகு அம்மாவுக்கு எடுத்து, "கொண்டு வரச் சொல்லுங்கோ அண்ணி, வேற சீலை இல்லை" என்றாராம். வெட்கம் வந்ததாகத் தெரியவில்லை.

அக்கா, சீலையோடு நானும் போவேன். மைக்கைக் கேட்டு வாங்கி உங்கள் பெயரைச் சொல்லுவேன். அன்று இங்கே ஒருவரும் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை, சொன்னதாக நான் பொய் சொன்னேன் என்பதையும் சொல்லுவேன். கேட்க நீங்கள் இருக்கமாட்டீர்கள். அவர்கள் இருப்பார்கள்.

உங்கள் தங்கச்சி,
கவிதா
ஓகூஸ்