பாடாலூரில் வைத்த ஃபிளெக்ஸ், ஜார்ஜியாவில் உன் மகள்

என் உயிரான அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் பயம் என்று ஒன்று இருக்காது. இங்கே எனக்கு அது தவிர வேறில்லை. உன் மகள் கயல், சோவியத் ரஷ்யாவிலிருந்து பிரிந்த ஜார்ஜியாவில் டாக்டருக்குக் கடைசி வருஷம் படிக்கிறாள். இப்போது அந்த ஊர்த் தெருவெல்லாம் போராட்டம்.

தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் சங்கம் ஒன்றுக்கு, ஓய்வு நேரத்தில் இங்கிலீஷில் அறிக்கை எழுதிக்கொடுத்து வந்தாள். அந்தச் சங்கத்துக்குப் பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அப்படிப் பணம் வாங்குகிறவர்களைக் கண்காணிக்க அரசாங்கம் சட்டம் போட்டது. ஜனங்கள் கொதித்தார்கள், போலீஸ் அடித்தது. அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போட இவள் ஓடினாள். கூட்டத்தைக் கிளப்பிவிடுவதே வெளிநாட்டுக் காசுதான் என்கிறார்கள் சிலர். நம்மூர்க் கூட்டத்துக்கு லாரியில் ஆள் ஏற்றுவதைப் பார்த்த எனக்கு எதை நம்புவதென்று தெரியவில்லை. காசு யாருடையதாக இருந்தால் என்ன, உடைகிற மண்டை அந்த ஊர்ப் பிள்ளைகளுடையதுதானே?

இதற்கு நடுவில் உன் வீட்டுக்காரர் மகள் பிறந்தநாளுக்குப் பாடாலூர் பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்தார். அவள் அனுப்பிய படங்களில், போராட்டத்தில் நிற்கிற படத்தைத்தான் பொறுக்கியெடுத்தார். பின்னால் கொடியெல்லாம் கலர் கலராக இருந்ததாம். ‘ஜார்ஜியாவையே கலக்கும் எங்கள் டாக்டரே!’ என்று கொட்டை எழுத்து. கீழே சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறோம்.

யாரோ அதை இங்கிலீஷ் அர்த்தத்தோடு பேஸ்புக்கில் போட, அவள் காலேஜ் வரைக்கும் போய்விட்டது. நாட்டைக் கலக்குவதாக எழுதியிருப்பது உன் குடும்பமா என்று கூப்பிட்டு விசாரித்தார்களாம். படிப்பை நிறுத்தி அனுப்பிவிடுவார்களா? பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களா? போர்டை நான்தான் கழற்றினேன். மச்சான் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார்.

நேற்று போனில் கெஞ்சினேன். “போதும்மா கயலு, கெளம்பி வந்துரு. இது நம்ம ஊரு சண்டையா?”

“ரத்தம் வழிய வர்றவங்கள எந்த ஊருன்னு கேட்டுட்டா மாமா கட்டுப்போட முடியும்?” என்றாள். பிறகு, “எனக்கு மட்டும் பயமில்லன்னு நெனச்சீங்களா?”

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

இன்று காலையிலிருந்து அவள் போன் எடுக்கவில்லை. திருச்சிக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். மெட்ராஸைத் தாண்டாதவன், பாஷையும் தெரியாது. இருந்தாலும் போவேன். வந்தால் அழைத்து வருகிறேன். வரமாட்டேன் என்றால், பஞ்சும் துணியும் எடுத்துக்கொடுத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நிற்கிறேன். இது சத்தியம்.

நடுக்கத்தோடு,
உன் கூடப்பிறந்தவன், கயலின் தாய்மாமன்
முருகேசன்